கன்னியம்மாளின் இடம்

தோணிரேவு ஊர்ப் பெண்கள், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, பழவேற்காட்டு ஏரியில் வரிசையாகக் குனிந்து, சேற்றில் கையால் இறால் தடவுவார்கள். வரிசையில் ஒருத்தி செத்த பிறகுதான் அவள் இடத்தில் இன்னொருத்தி இறங்கலாம்.

கன்னியம்மாளின் இடம் காலியாகவே இருந்தது. அவள் பிறந்தபோது பழவேற்காட்டில் கோட்டை இல்லை. கடல் கடந்து வந்த ஒல்லாந்தர் கோட்டை கட்டியபோது செங்கல் சுமந்தாள். பஞ்சம் வந்தபோது, மகளுக்கு அரிசி வாங்கத் தன்னையே அடிமையாக விற்று அவர்கள் கப்பலில் ஏறினாள். அப்போது கன்னியம்மாளுக்கு இளம் வயது. அதன்பின் சேதி இல்லை.

மகள் பூபதிக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. அந்தக் கப்பல்களில் போனவர்கள் பலர் கரை சேர்ந்ததில்லை என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த சிங்காரி, விவரம் தெரியாமல் ஒருநாள் அந்த இடத்தில் இறங்கிவிட்டாள்.

"இன்னாடி, வந்ததும் எடம் புடிக்கிறியா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

சிங்காரி பறியை வாயிலிருந்து எடுத்தாள். "அக்கா, சேத்துல யாரோ என் கையப் புடிச்சிக்கினுகீறாங்க."

யாரும் சிரிக்கவில்லை. பூபதி தண்ணீரை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"கொமரி கையா?"

"இல்ல அத்தே. கெழவி கை. தோலெல்லாம் சுருங்கிக்கீது."

பூபதி அவள் பக்கத்தில் குனிந்தாள். "அப்போ கரை சேந்துருக்குது. கெழவியாவுற வரிக்கும் பொழச்சிருக்குது எங்கம்மா. உட்டுடாத, பொண்ணே."

பிறகு தன் கையையும் மெல்லச் சேற்றுக்குள் இறக்கினாள்.