ஐந்தேகாலுக்கு ஏறும் முள்

சூசைநாதன் தானே செய்த பவர் சப்ளையில்தான் வீட்டு ரேடியோ பாடியது, மாதா படத்து விளக்கு எரிந்தது. பேட்டரி செத்துப்போன ஷேவிங் மெஷினையும் அதில்தான் ஓட்டுவார். பீங்கான் கம்பெனி காலை ஷிப்டுக்காக ஐந்தேகாலுக்கு ஷேவிங்குக்கு உட்காருவார். நான்கு நிமிடம் பவர் சப்ளையின் மீட்டர் முள் பாதிக்கு ஏறி நிற்கும்.

அவர் இறந்தபோது மெஷினையும் சவப்பெட்டியில் வைத்தே அடக்கம் செய்தார்கள்.

மறுநாள் ஐந்தேகாலுக்கு, எதிலும் மாட்டாத ஒயர்கள் மேசையில் தனித்தனியே கிடக்க, முள் பாதிக்கு ஏறியது. நான்கு நிமிடத்தில் இறங்கியது. தினமும் அப்படித்தான். மனைவி விமலாராணி பக்கத்தில் துண்டு வைக்கத் தொடங்கினாள்.

நாற்பதாம் நாள் முள் ஏறி நிற்கையில் மகள் ஆன் மேரி ஸ்விட்சில் கைவைத்தாள். "பயமா இருக்குதும்மா. நிறுத்திடுறேன்."

விமலாராணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குது. பாதி ஷேவிங்கோட எப்பிடிடி வேலைக்குப் போவாரு?"