வெறுங்கை வீச்சு

தோள் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பந்தைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், வேகப்பந்து வீசும் ஜெசிந்தா வெறுங்கையோடு ஓடிவந்தாள். எதிர்முனையில் மட்டையோடு நின்ற வடிவு, ஹெல்மெட்டைக் கழற்றிப் புல்லில் போட்டாள்.

"டீம்லேர்ந்துதான் உன்னைத் தூக்கிட்டாங்களே. அப்புறம் யாருக்குடி இந்த ஓட்டம்?"

"மட்டைய ஒழுங்கா பிடி."

முன்பெல்லாம் ஜெசிந்தாவின் கை காதை உரசிக்கொண்டு மேலிருந்து இறங்கும். இப்போது அந்த உயரத்தில் வலி இருந்தது. ஒவ்வொரு ஓட்டத்திலும் கையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினாள். கடைசியில் அது பக்கவாட்டில் சுழன்று வந்தபோது, விரல்கள் காற்றை அறுத்த சத்தம் வடிவுக்கே கேட்டது. அவள் மட்டை தாமதமாக இறங்கியது. திரும்பி ஸ்டம்புகளைப் பார்த்தாள்.

ஜெசிந்தா அடுத்த ஓட்டத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். வடிவு, புல்லில் கிடந்த ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.