ஒரு சாண் இடைவெளி

"இந்தக் கோட்டைக்கு நானும் இப்பத்தான் முதல்தடவை வர்றேன்" என்று வரும் வழியிலேயே இரண்டு முறை சொல்லிவிட்டான் செழியன். ஆனால், கடற்காற்று எட்டாத மூலைக்கு நேராகப் போய், யோசிக்காமல் கூடாரம் அடித்தான். மனைவி மாதங்கி கவனித்தாள். பிறகு சுரங்கவழியில் டார்ச் இல்லாமலே முன்னால் நடந்தவன், இருட்டில் ஓரிடத்தில் தானாகக் குனிந்து அப்பால் போனான். திரும்பி நின்று, வாசலின் மேற்கல்லை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான்.

"குனிஞ்சு வா. கல்லு இடிச்சுடப் போகுது."

மாதங்கி டார்ச்சை மேலே அடித்தாள். அவள் உச்சந்தலைக்கும் அவன் கைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

"எனக்கு எங்கேங்க இடிக்கும்?"

உயரமானவள் ஒருத்தி இன்னும் பின்னால் வந்துகொண்டிருப்பதுபோல, அவன் கை கல்லைவிட்டு இறங்கவில்லை.