இருபது நிமிடம் அசையாதவள்

குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள் வாலு.

அம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

ஒரு வாய் சோறு ஊட்டுவதற்குள் வீட்டை மூன்று சுற்று சுற்றிவருகிற பிள்ளை. வகுப்பில் எழுந்து ஓடுகிறாள் என்று வாரத்துக்கு இரண்டு புகார். ஒன்பது வயதில் சொந்தப் பெயரே மறந்துபோய், வாலு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

அவள் இன்றைக்குப் பார்த்து, ஒயர் முளைத்த தொப்பியை மாட்டிக்கொண்டு, ஈ.ஈ.ஜி. எடுக்கிற அறையின் சுவரைப் பார்த்தபடி சாதுவாக இருக்கிறாள்!

ஏ.டி.ஹெச்.டி., ஓரிடத்தில் நிற்கவிடாத கோளாறு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தைத் தலைமையாசிரியை விரல் நுனியால் தள்ளிவிட்டாள். பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்களுக்கெல்லாம் இப்படி ஒரு கடிதம் கிடைக்கிறதாம். மூளையை அளந்த ரிப்போர்ட் வேண்டுமாம். இல்லையென்றால் அடுத்த வருடம் பள்ளியில் இடமில்லையாம்.

அந்த அளவு மட்டும் தனியாக எதையும் தீர்மானிக்காது என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். அந்த மகராசி காதில் ஏறினால்தானே?

பிள்ளை துள்ளினால்தான் மெஷினில் ஏதாவது தெரியும் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக ஊர் முழுக்க மானத்தை வாங்கியவள், மெய்யென்று காட்டவேண்டிய ஒரே நாளில் காலை வாருகிறாளே!

டெக்னீஷியன் மெஷினை நிறுத்தினாள்.

"என்ன, எல்லாம் நார்மலா? உங்க பங்குக்கு நீங்களும் எழுதிக் குடுத்துருங்க, இவ அம்மா ஒரு புளுகுமூட்டைன்னு" என்று வெடித்தாள் அம்மா.

டெக்னீஷியன் திரையைத் திருப்பிக் காட்டினாள். அலை அலையாகக் கோடுகள் ஓடவேண்டிய இடமெல்லாம், யாரோ ஆத்திரத்தில் பேனாவை அழுத்திக் கிறுக்கியதுபோல் கறுத்துக் கிடந்தது.

"இது மூளையே இல்லைம்மா, தாடை. மொதல்லேர்ந்து பல்லை இறுக்கிக் கடிச்சுக்கிட்டே இருக்கா. லூசா விடு, லூசா விடுன்னு எத்தனை தடவை சொல்றது? இதுல ஒண்ணும் தேறாது, திரும்பத்தான் எடுக்கணும்."

வாலு அப்போதும் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, உதடு பிரியாமல் கேட்டாள்.

"நான் அசையவே இல்லைம்மா. என்னையும் கூட்டிட்டுத்தானே போவே?"

வரும்போது மாடிப்படியில், எங்கே போனாலும் சொல்கிற அதே வழக்கத்தில், பிள்ளையின் காதைத் திருகி அம்மா சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான்.

"உள்ள ஆடுனே, இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன்."