ஒரு சின்ன ‘டக்’

“கேக்குது. இன்னும் ‘டக்’னு கேக்குது.”

ஃபுசாயே அம்மாள் பெடலிலிருந்து காலை எடுக்கவே இல்லை. மடியில் கிட்டார். முகத்தில், மீன்கடையில் பழைய சரக்கைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தி.

சிகுசாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒசாகாவின் நிப்பொன்பாஷியில், இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும் கடையில் அவள், காலால் மிதித்து ஒலியை மாற்றும் கிட்டார் பெடல்கள் செய்து விற்கிறாள். பெரிய மேடைக்காரர்கள்கூட அவளிடம் வாங்கியிருக்கிறார்கள். யாரும் இப்படிப் படுத்தியதில்லை.

“அம்மா, ஸ்பீக்கருக்குள்ள தலையை விட்டாத்தான் அது கேக்கும்!”

“என் வீட்டுக்காரர் ஸ்பீக்கர் பக்கத்துலதான் நிப்பாரு. அவர் காதுல விழக் கூடாது.” கைப்பையைத் துழாவி ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார். “இந்தா, வாயில போட்டுக்கோ. கோபம் அடங்கும்.”

அவர் கேட்டது புதிதல்ல. இரண்டு கிட்டார்களின் ஒயரும் ஒரு பெட்டிக்குள் போக வேண்டும். மிதித்தால் ஒன்றின் ஒலி நின்று மற்றதன் ஒலி வர வேண்டும். பாட்டுக்கு நடுவே கிட்டார் மாற்றுகிறவர்கள் வழக்கமாகக் கேட்பதுதான். ஆனால் மாறும்போது பொட்டுச் சத்தம் வரக் கூடாதாம். பெட்டியின் மேல் விளக்கும் இருக்கக் கூடாதாம்.

“விளக்கு இல்லாட்டி, எந்த கிட்டார் ஓடுதுன்னு எப்படிம்மா தெரியும்?”

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன். ஒயரை மட்டும் நல்லா நீளமா வை.”

அவர் போனதும் சிகுசா பெட்டியை மறுபடி கழற்றினாள். சும்மா கிடக்கும் ஒயரில் கொஞ்சம் மின்சாரம் தேங்கும். மிதித்ததும் அது ஸ்பீக்கருக்குள் பாயும். ‘டக்’ அங்கிருந்துதான் வருகிறது. தேங்குவது வடிந்துபோக ரெசிஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டாள். அந்த அம்மாளின் காதுக்கு அது போதவில்லை.

சரி, ஒன்றை வெட்டி இன்னொன்றை ஒட்டுகிற வேலையே வேண்டாம். வெளிச்சம் பட்டால் ஒலிக்கு வழிவிடுகிற சின்னப் பாகங்கள் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு குட்டி விளக்கோடு சேர்த்துக் கறுப்பு டேப்பால் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். இனி மிதித்தால் ஒரு விளக்கு மெல்ல அணையும், மற்றது மெல்ல எரியும். கண் சிமிட்டும் நேரத்தில் ஒரு கிட்டார் கரைந்து இன்னொன்று ஊறி வரும்.

அடுத்த வாரம் ஃபுசாயே அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார். காத்திருந்தார். மறுபடி மிதித்தார்.

“ஏண்டி பொண்ணு, நான் மிதிச்சேனா இல்லையா?”

“ரெண்டு தரம் மிதிச்சீங்கம்மா.”

“எனக்கே தெரியலையே!”

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கிட்டாரில் ஒரு துண்டை வாசித்துப் பார்த்தார். துள்ளலான, விரல்களுக்கு ஓய்வே தராத வாசிப்பு.

“நீங்க இவ்வளவு நல்லா வாசிப்பீங்களா?”

“இது ஒண்ணுதான் தெரியும். வேற எது கேட்டாலும் முழிப்பேன். ஞாயித்துக்கிழமை எங்க கடைத்தெரு மன்றத்துல அவரோட கச்சேரி. நீ வரணும்.”

தன் பெடல் மேடையில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கும் ஆசையில் சிகுசா போனாள். ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர்களின் இசைக்குழு. நடுவில் கிட்டாரோடு நின்றவர்தான் கென்சக்கு, ஃபுசாயே அம்மாளின் கணவர். அவர் காலடியில் பெடல் எதுவும் இல்லை. அவர் கிட்டாரிலிருந்து ஓடிய ஒயரைத் தொடர்ந்து சிகுசா திரைக்குப் பின்னால் போனாள்.

அங்கே ஒரு பீர்ப் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் ஃபுசாயே அம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் கிட்டார். காலடியில் பெடல்.

“நீங்க ஏம்மா இங்க?”

“சத்தம் போடாதே. போன வருஷம் அவருக்கு மூளையில ரத்தம் கட்டிக்கிச்சு. பொழைச்சதே பெருசு. இடது கை விரல் முன்ன மாதிரி மடங்கல. மத்ததெல்லாம் ஒப்பேத்திடுவாரு. கடைசிப் பாட்டுல ஒரு தனி வாசிப்பு வரும், அது மட்டும் வரமாட்டேங்குது. தப்பிடுச்சுன்னா அன்னைக்குச் சாப்பிட மாட்டாரு, பேச மாட்டாரு. இன்னைக்கு ஒரு நாளாவது, சரியா வாசிச்சிட்டோம்னு அவர் நெனைக்கட்டும்.”

கடைசிப் பாட்டு வந்தது. தனி வாசிப்பு நெருங்கியது. ஃபுசாயே அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு மிதித்தார்.

ஒரு ‘டக்’ இல்லை. ஒரு முனகல் இல்லை. திரைக்குப் பின்னால் அவர் விரல்கள் ஓடின. திரைக்கு முன்னால் கென்சக்கு முகத்தை மேலே தூக்கி, உடம்பை வளைத்து, தம் கிட்டாரோடு ஆடினார். வாசிப்போடு பாட்டும் முடிந்தது. மன்றமே எழுந்து கைதட்டியது.

ஃபுசாயே அம்மாள் கிட்டாரைத் திரை மறைவில் தள்ளிவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் முன்வரிசைக்கு ஓடினார்.

வேர்த்து வழியத் திரைக்குப் பின்னால் வந்த கென்சக்கு, ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த சிகுசாவிடம் குனிந்தார்.

“ ‘டக்’கே வரல. நல்ல கைவேலை, பொண்ணு.”

சிகுசாவின் கையிலிருந்து ஒயர் நழுவியது.

“அவ மிதிக்க மறந்துட்டா என் தப்பு வெளிய கேட்டு மானம் போயிடுமேன்னு, தனி வாசிப்புக்கு முன்னாடியே நானே என் கிட்டார் சத்தத்தைச் சுத்தமா குறைச்சுட்டேன். அவகிட்ட சொல்லிடாதே. தினமும் மத்தியானம் நான் தூங்குறேன்னு நெனச்சு, குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு இதைத்தான் பழகுவா. தூக்கமாவது ஒண்ணாவது! எழுந்தா நிறுத்திடுவாளேன்னு, கண்ணை மூடிப் படுத்தபடியே கேட்டுக்கிட்டுக் கிடப்பேன்.”