கப்பல் நிற்கும் நேரம்

"பன்னெண்டே கால்! எட்டு மணியிலேருந்து இந்தப் படகுத்துறைக் கல்லு மேல நிக்கிறேன். கப்பல்லேருந்து கரைக்கு வர நாலு மணி நேரமா?"

படகிலிருந்து கடைசி ஆளாக லாம்ப்ரோஸ் இறங்கினான். சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும்போது போடும் வெள்ளைச் சட்டையைக்கூட அவன் மாற்றவில்லை.

"பயணிங்க எல்லாரும் இறங்கின பிறகுதான் எங்களை விடுவாங்க, எவாந்தியா. மூவாயிரம் பேர்."

"மூவாயிரத்து ஒண்ணாவது ஆளா என்கிட்ட வர்ற. எப்பவும் போல."

பக்கத்தில் நின்ற அவள் தம்பி பாந்தெலிஸ் கையை நீட்டினான். "வா மச்சான்."

"என்னடா மச்சான்? இவன் உனக்கு இன்னும் மச்சானா?" கையிலிருந்த உறையைத் தம்பியின் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "இந்தத் தாளோட ஆயுசே ஆறு மாசம். வர்ற வெள்ளிக்கிழமையோட முடியுது. இவன் கப்பல் இனி ஏப்ரல்லதான் இந்தப் பக்கம் வரும். மேயர் ஒரு மணிப் படகுல வெளியூருக்குப் போறார். அதுக்குள்ள ரெண்டு பேரும் அவர் முன்னாடி நின்னு கையெழுத்துப் போட்டாகணும். நட!"

தீவின் நகராட்சிக் கட்டடம் மலை உச்சியில் இருந்தது. இருநூறு படி. கப்பல் வரும் நாளில் ஒவ்வொரு படியிலும் ஒரு பயணி நின்று இன்னொரு பயணியைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார். எவாந்தியா முழங்கையால் வழி செய்துகொண்டு ஏறினாள். புதுச் செருப்பு குதிகாலைக் கடித்தது.

"லாம்ப்ரோஸ்!"

தொப்பி போட்ட கிழவர் ஒருவர். கப்பலில் அவன் பரிமாறும் மேசையில் சாப்பிடுபவர். "காலைப் பொழுதைக் கடைத்தெருவுலயே விட்டுட்டோம்ப்பா. இன்னும் நாலு மணி நேரம் இருக்கு. எதைப் பார்க்கலாம், சொல்லு."

லாம்ப்ரோஸ் நின்றான். சிரித்தான்.

"கோட்டைக்குப் போகாதீங்க, வெயில் கொளுத்தும். பின்பக்கம் சின்னதா ஒரு கடற்கரை இருக்கு. பத்து நிமிஷ நடை. நல்லா குளிச்சிட்டு, மூலைக் கடையில சுட்ட ஆக்டோபஸ் சாப்பிடுங்க. எலுமிச்சம்பழத்தை மட்டும் நீங்களே பிழிஞ்சுக்குங்க. அவங்க பிழிஞ்சா கஞ்சத்தனமா பிழிவாங்க."

கிழவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

"அடேயப்பா, என்ன சிரிப்பு! வாயில இத்தனை பல்லு இருக்குன்னு பதினாலு வருஷத்துல எனக்குத் தெரியாமப் போச்சே," என்றாள் எவாந்தியா. "அந்தக் கடற்கரைக்கு என்னை எத்தனை தடவை கூட்டிட்டுப் போன?"

"எவி..."

"ஒரே ஒரு தடவை. அதுவும் உன் மாமாவோட படகு கவிழ்ந்து கிடக்குதுன்னு பார்க்க."

பாந்தெலிஸ் சிரித்தான். அவள் திரும்பிப் பார்த்ததும் இருமினான்.

நூறு படி கடந்திருந்தார்கள். மூச்சு வாங்கியது. அவள் குரல் இறங்கவில்லை.

"கூரை இடிஞ்சு விழுந்தப்போ எங்க இருந்த? எங்கப்பாவைப் புதைச்சப்போ எங்க இருந்த? அலாஸ்காவுல! பனிக்கட்டிக்கு நடுவுல தட்டு ஏந்திட்டு நின்ன. அப்பாவோட பெட்டிக்கு நாலாவது முனையை மளிகைக் கடைக்காரன் வந்து தூக்கினான். அது நீ தூக்க வேண்டிய முனை."

"கப்பலை நிறுத்துன்னு நான் சொல்ல முடியுமா?"

"நீ இறங்கியிருக்க முடியும்."

அவன் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அடுத்த படியில் ஏறினான்.

மேலே ஒரு ஜன்னல் திறந்தது. தலையில் துண்டு கட்டிய பெண் எட்டிப் பார்த்தாள். "இன்னைக்குத்தானாடி?"

"இன்னைக்குத்தான். நகராட்சிப் பலகையில ஒட்டியிருந்தாங்களே, நீ படிக்கலையா?"

"ஊரே படிச்சுது. நல்லா யோசிச்சியா?"

"நீ உன் செடிக்குத் தண்ணி ஊத்து."

உச்சிக்கு வந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. மேயர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டப்போனார். எவாந்தியா குறுக்கே போய் நின்றாள்.

"பையைக் கீழ வைங்க."

"அம்மா, என் படகு..."

"அஞ்சு நிமிஷம். அஞ்சு நிமிஷத்துக்கு மேல இவன் மூஞ்சியை என்னாலயும் பார்க்க முடியாது."

மேயர் உள்ளே நடந்தார். பாந்தெலிஸ் ஒரு சாட்சி; இன்னொரு சாட்சியான பேக்கரி ஸ்தமாத்தா, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தாளால் விசிறிக்கொண்டிருந்தாள். "துரை வந்துட்டாரா?" என்றாள் லாம்ப்ரோஸைப் பார்த்து.

பாந்தெலிஸ் அக்காவின் காதருகே குனிந்தான். "இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகலக்கா. வேண்டாம்னா இப்பவே இறங்கிப் போயிடலாம்."

"ஆறு மாசமா ராத்திரி பகலா யோசிச்சாச்சு. நீ கையெழுத்துப் போட வந்த, போடு."

மேயர் உட்காரவில்லை. சட்டப் பிரிவுகளை நின்றபடியே, மூச்சு விடாமல் வாசித்தார். லாம்ப்ரோஸின் நெற்றியிலிருந்து வேர்வை மேசையில் சொட்டியது. அவன் வாயில் இப்போது அந்தச் சிரிப்பு இல்லை.

"உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்," என்றான்.

மேயர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"எவாந்தியா, இவரை உங்கள் கணவராக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?"

"சம்மதம்," என்று சீறிவிட்டு, அவள் லாம்ப்ரோஸைப் பார்த்தாள். "விவாகரத்துக்கு மட்டும் அன்னைக்கு அரை மணி முன்னாடியே வந்து நின்னியே, பாவி!"