மூன்றாவது ஒலி

ஐந்து நிமிடத்துக்குக் கடிகாரத்தைத் திருப்பிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சில்வர் ஓக் மரத்தின் உச்சியிலிருந்து கதிர்க்குருவி கூப்பிட்டது. சி... ஸ்விட்.

இரண்டு ஒலி. நோட்டில் குறித்தாள்.

குளிர்காலத்துக்கு இந்த மலைக்கு வரும் கதிர்க்குருவிகளில் இரண்டு வகை ஒரே அச்சு. கண்ணை நம்பி எழுத முடியாது. குரல்தான் அடையாளம். ஒன்று இரண்டு ஒலியோடு நிறுத்திக்கொள்ளும். மற்றது மூன்று.

அவள் எடுத்த கணக்கில் மூன்றொலிக் குருவி வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தது. முப்பத்தொன்று, பதினேழு, நான்கு. போன குளிர்காலத்தில் ஒன்றுகூட இல்லை. இந்தச் சரிவிலிருந்து அது அடியோடு போய்விட்டது என்று அறிக்கை எழுதினாள். தேயிலைக்கு அடிக்கும் மருந்தைக் காரணம் காட்டினாள். போன மாதம் அச்சாகி வந்தது. பாராட்டி நாலு பேர் போன் செய்தார்கள்.

கடிகாரம் அடித்தது.

துணைக்கு வந்திருந்த வனத்துறை வாட்சர் வெள்ளிங்கிரி தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

"மேடம், ரெண்டுன்னு எழுதறீங்க. அது மூணுல்லங்க கத்துது? கடைசில பொடிசா ஒண்ணு வருதுங்களே."

அவள் சிரித்தாள். பிறகு குருவியின் குரலைக் காது கொடுத்துக் கேட்டாள்.

இரண்டு.

மறுபடி இரண்டு.

"இந்த வருசந்தான் இப்படிக் கத்துதா?"

"இல்லீங்க. போன வருசமும் இதேதானுங்க."

"அப்பவே சொல்லக் கூடாதாங்க?"

"எண்ணி முடிக்கிறவரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னீங்க. முடிஞ்சதும் நீங்க விறுவிறுன்னு அடுத்த எடத்துக்குப் போயிருவீங்க."

அந்த மனிதர் மேல் கோபம் வந்தது. வந்த வேகத்தில் வடிந்தது. அதற்குப் பிறகு வந்தது பயம்தான்.

நாற்பத்தொன்பது வயது. வீட்டில் குக்கர் விசில் கேட்கிறது. பக்கத்து அறையில் பேசுவது கேட்கிறது. காதில் குறை என்று யாரும் சொன்னதில்லை. அவளுக்கும் தோன்றியதில்லை. மிக மெல்லிய கீச்சொலி மட்டும் வயதோடு நழுவுமாம். கேட்காமல் போன ஒன்றை எப்படித் தேடுவது?

குருவி ஒரு கிளை கீழே இறங்கியது.

பைனாகுலரைத் தூக்கினாள். மரத்தில் சாய்ந்து நிறுத்திக்கொண்டாள்.

அலகு திறந்தது. சி. ஸ்விட்.

சத்தம் நின்ற பிறகும் அலகு ஒருமுறை திறந்து மூடியது.

"இப்பக் கேட்டுச்சுங்களா மேடம்?"

கண்ணை எடுக்காமல், ஆமாம் என்று தலையாட்டினாள்.